தூண்டிலில் ஒரு சிறுமி

நாவல்கள் திரைப்படமாவதே வழக்கம். 1958இல் வெளியான 'பட்டப்பகலில் நடந்தது' என்ற ஸ்விட்சர்லாந்துத் துப்பறியும் படத்தில் இது தலைகீழாக நிகழ்ந்தது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் குறித்து எச்சரிக்கும் படமொன்றைத் தயாரிப்பாளர் லாசர் வெக்ஸ்லர் விரும்ப, எழுத்தாளர் ஃபிரெட்ரிக் டூரன்மாட் கதை எழுதினார். படத்தின் முடிவு அவருக்கு நிறைவளிக்கவில்லை. அதே ஆண்டில் அக்கதையை 'வாக்குறுதி' என்ற நாவலாக மாற்றி எழுதினார். துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா என்பது அதன் துணைத்தலைப்பு.

காட்டில் ஒரு சிறுமி கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். கொலைகாரனைக் கண்டுபிடிப்பதாக வாக்களிக்கிறார் காவல் அதிகாரி மட்டேயி. சந்தேகத்துக்குள்ளான நாடோடி வியாபாரி விசாரணைக்குப் பின் தூக்கிட்டுக்கொள்ள, வழக்கு முடிந்ததாகவே மற்றவர்கள் கருதுகிறார்கள். மட்டேயி நம்பவில்லை. இறந்த சிறுமி வரைந்த ஓவியமே அவருக்குத் துப்பு. அதில் ராட்சதன் போன்ற ஒரு மனிதன், ஒரு கார், சின்னச் சின்ன முள்ளெலிகள். அவன் கொடுத்த சாக்லேட் உருண்டைகளைத்தான் அவள் முள்ளெலிகளாக வரைந்திருக்கிறாள். கொலைகாரன் காரில் கடந்தாக வேண்டிய சாலையில் ஒரு பெட்ரோல் பங்கை எடுத்து நடத்துகிறார் மட்டேயி. இறந்தவளின் சாயலுள்ள மற்றொரு சிறுமியை அவளுடைய தாயுடன் அங்கே தங்கவைக்கிறார். தன் மகள் தூண்டில் இரை என்பது தாய்க்குத் தெரியாது.

படத்தில் அவருடைய கணக்குப் பலிக்கிறது. கெர்ட் ஃப்ரோபே நடித்த கொலைகாரன் வருகிறான், சிறுமி பிழைக்கிறாள். மட்டேயியாக நடித்த ஹெய்ன்ஸ் ரூமான், ஜெர்மானியர் கொண்டாடிய நகைச்சுவை நடிகர். அந்தக் கனிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு குழந்தையைப் பணயம் வைத்ததற்காக அவர்மீது கோபமே வரவில்லை. பிறகு என்னை உறுத்தியது அதுதான்.

நாவலின் முடிவைச் சொல்லாமல் இதற்குமேல் பேச இயலாது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நாவலிலும் மட்டேயியின் ஊகம் அத்தனையும் சரி. ஆனால் சிறுமியைத் தேடி வரும் வழியில் கொலைகாரன் கார் விபத்தில் இறந்துபோகிறான். அதை அறியாத மட்டேயி ஆண்டுக்கணக்கில் சாலையைப் பார்த்தபடியே குடித்துச் சீரழிகிறார். மரணப்படுக்கையில் ஒரு முதியவள் பேசும்போதுதான் உண்மை வெளிவருகிறது. தர்க்கத்தைத் தற்செயல் தோற்கடித்தது என்றே இம்முடிவை விமர்சகர்கள் விளக்குவார்கள். தவறில்லை. எனினும் எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. குற்றவாளி பிடிபட்டால் அந்தச் சிறுமியைப் பற்றி நாம் கேட்கவே மாட்டோம். பிடிபடாதபோதுதான் அவளுக்கு என்ன உரிமையில் இது செய்யப்பட்டது என்ற கேள்வி எழுகிறது. டூரன்மாட் அவளையும் மறக்கவில்லை. நாவலின் தொடக்கத்திலேயே, அதே பெட்ரோல் பங்கில், பதினாறு வயதிலேயே மதுவாடை வீச அவள் நிற்கிறாள். யாரென்று அப்போது நமக்குத் தெரிவதில்லை.