நம் கையில் நாலு பேர் அந்தரங்கம்

(இரண்டாமாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



இது விஞ்ஞான யுகம். கைப்பேசிக்குள் உலகமே வந்துவிட்டது. "என்கிட்ட என்ன இருக்கு, எவன் எடுக்கப் போறான்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கொஞ்சம் யோசியுங்கள். நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அப்பாவின் பாஸ்புக்குக்கும் வீட்டு ரேஷன் கார்டுக்கும் கொடுத்திருப்பது நம் நம்பர்தான். ஓ.டி.பி. வந்தால் படித்துச் சொல்வது நாம்தான். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறிவிட்டதா என்று பார்ப்பதும் நாம்தான். ஆகவே நம் கைப்பேசியில் இருப்பது நம் ரகசியம் மட்டுமல்ல.

335 பேர் திறந்த கதவு

2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெடித்தது. குணத்தைக் கணித்துச் சொல்வதாகக் கேள்வி கேட்கும் ஒரு செயலி பேஸ்புக்கில் இருந்தது. அதில் சேர்ந்தவரின் விவரத்தோடு, அன்றைய பேஸ்புக் ஏற்பாட்டின்படி அவருடைய நண்பர்களின் விவரமும் போயிற்று. எல்லாம் அரசியல் பிரசார நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றன. இந்தியாவில் அதை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களோ 5,62,000-க்கும் மேல் என்று பேஸ்புக் நிறுவனமே சொன்னது!

தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்கு இது புரியாததல்ல. பக்கத்து வயல் வரப்பில் ஒரு நண்டு வளை விழுந்தால் நம் வயல் தண்ணீரும் வடிந்துவிடும் அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதை தொடர்பான நக்கீரன் வழக்கில், அந்தரங்க உரிமை வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் கூறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தனர். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வேலி மாதிரி. படலைத் திறந்து போட்டுவிட்டு வேலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. பிரவுசிங் சென்டரில் அப்பாவின் ஆதாரை இறக்கினால், பிரிண்ட் எடுத்ததும் கோப்பை அழித்துவிட்டு வாருங்கள். அதன் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான். ஸ்டேட்டஸில் போடும் பிறந்தநாள் வாழ்த்திலேயே இரண்டும் இருக்கும்! கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் போதுமென்றால் அதையே கொடுங்கள்.

2. பி.எம். கிசான் பணம், வங்கி கே.ஒய்.சி. என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. நேரே திருடனுக்குப் போய்விடும்.

3. நமக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. இதை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

4. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரண்டாம் பூட்டைப் போடுங்கள்.

5. தோழியின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். 2016-ல் சேலம் மாவட்டத்தில், உருமாற்றிய படங்கள் பேஸ்புக்கில் பரவியதால் ஒரு பட்டதாரிப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்படி ஒரு படம் நமக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல், அந்தப் பெண்ணோடு நின்று புகார் செய்ய வைப்பதே ஆண்மை, அதுவே நட்பு.

6. பணம் போய்விட்டதா? திட்டு விழுமே என்று மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

நண்பர்களே, "படிச்ச புள்ள இருக்கு, அது பாத்துக்கும்" என்று நம்பித்தான் வீட்டில் எல்லா அட்டையையும் நம் கையில் கொடுக்கிறார்கள். டிப்ளமோ வாங்க இன்னும் நாள் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக இருக்க இன்றே தொடங்கலாம். நம் வரப்பை நாம் அடைப்போம், பக்கத்து வரப்பையும் பார்த்துக்கொள்வோம்!