புகையிலை வரி யாருக்குச் சேர வேண்டும்?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயந்தான் அண்ணே. கடையோரம் ஒருவர் ஒற்றை சிகரெட் வாங்கிப் பற்றவைக்கிறாரே, அவர் கொடுத்த காசில் கணிசமான பங்கு வரி. அதில் ஒரு துளி தேசியப் பேரிடர் தீர்வை. 2001-இல் கொண்டுவந்தார்கள், அப்போது பான் மசாலாவுக்கும் மெல்லும் புகையிலைக்கும்கூடப் போட்டார்கள். மத்திய அரசின் பேரிடர் நிதிக்கு அதுதான் முக்கிய ஊற்று.

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய விடியல் உங்களுக்கு மறக்காது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு தோப்புகளில் காய்த்துக்கொண்டிருந்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன. சில நடுவில் முறிந்து மொட்டையாக நின்றன. கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். தமிழக அரசு கேட்டது 15,000 கோடி ரூபாய். அந்தப் பேரிடர் நிதியிலிருந்து வந்தது சுமார் 1,146 கோடி. போதவே போதாது. ஆனாலும் கேட்க ஒரு கணக்கு இருந்தது. இன்ன வரி இன்ன வேலைக்கு என்று முன்பே எழுதிவைத்திருந்தார்கள்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. 1998-இல் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. நோயாளிகளுக்கு ஆன மருத்துவச் செலவைக் காட்டி வாங்கிய பணம். செலவழிக்க மட்டும் நிபந்தனை இல்லை. கணிசமான பகுதி பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போயிற்று. வரப்போகும் தவணையை அடகு வைத்துக் கடன் வாங்கிய மாநிலங்களும் உண்டு. தாய்லாந்து 2001-இல் வேறு மாதிரி செய்தது: புகையிலை, மது வரிக்கு மேல் 2 சதவீதம், நேராக மக்கள் நல்வாழ்வு நிதிக்கு.

அப்படியொரு ஏற்பாடு நம்மிடமும் இருந்தது. 1976 சட்டப்படி பீடிக்குத் தனித் தீர்வை. பீடி சுற்றுகிறவர்களுக்கு வீடு, மருந்தகம், பிள்ளைகளுக்குப் படிப்புத்தொகை எல்லாம் அதிலிருந்து. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

நடவு வயலில் இறங்கும் பெண்களைப் பாருங்கள், வெற்றிலையோடு புகையிலையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் வேலை. வரி கட்டுவது அவர்கள். வாய்ப்புற்று வந்தால் மருத்துவமனை வாசலில் படுப்பதும் அவர்கள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச்சும் பழகிய செவிலியரும் போதும். பேரிடருக்கு ஒதுக்கியதுபோல இந்தப் பரிசோதனைக்கும் புகையிலை வரியில் ஒரு பங்கைச் சட்டத்திலேயே எழுதட்டும். புகையிலையை விட நினைப்பவருக்குத் துணை, பீடித் தொழிலாளிக்கு மாற்று வேலை இரண்டும் அதில் அடங்கட்டும். ஆண்டுதோறும் வரவு செலவைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.