பக்கவாதம் வந்தவரின் வாயையும் பாருங்கள்

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒருவருக்குக் 'கை கால் விழுந்துவிட்டது' என்றால் சொந்தபந்தம் எல்லாம் வந்து விசாரிக்கும். எழுந்து உட்காருகிறாரா, நடக்கிறாரா, பேச்சு தெளிந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். பல் துலக்கினாரா என்று மட்டும் கேட்கத் தோன்றாது. பிழைத்து வீடு திரும்பியவர் ருசித்துச் சாப்பிடுவதும், வந்தவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதும் அந்த வாயை நம்பித்தான் இருக்கின்றன.

கன்னத்தில் தங்கும் சோறு

வாதம் முகத்தையும் தாக்கினால் அந்தப் பக்கத்துக் கன்னம் தளர்ந்துவிடும், உணர்ச்சியும் மங்கும். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே சோறு ஒதுங்கிக் கிடப்பது அவருக்கே தெரியாது. மதியம் ஊட்டிய சோறும், காலையில் கொடுத்த மாத்திரையும்கூட இரவில் அங்கே கிடக்கும். நாளடைவில் ஈறு வீங்கும், பல் சொத்தையாகும், வாய் நாறும். எச்சில் வழிகிறதே என்று கூச்சப்பட்டு, கல்யாணம் காட்சிக்கு வரமாட்டேன் என்பார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் உள்ளறைக்குப் போய்விடுவார்.

பேச்சு வராதவர் நிலைமை இன்னும் கொடுமை. பல்வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். அடம்பிடிக்கிறார் என்று திட்டுவதற்கு முன் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள்.

நெஞ்சுச்சளி எங்கிருந்து வருகிறது?

விழுங்கும் தசை பலவீனப்பட்டால் எச்சிலும் உணவும் மூச்சுக்குழாயில் இறங்கும். அழுக்கு வாயின் கிருமிகள் அதோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டு நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. சாப்பாட்டுக்குப் பின் பிறர் உதவியோடு வாயைச் சுத்தம் செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. பிரஷ்ஷும் கவனிப்பும் செய்த வேலை இது.

துலக்கிவிடும்போது

படுத்த வாக்கில் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்றே முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். உட்கார முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விழுந்த பக்கக் கன்னத்தின் உள்ளே ஈரத்துணி சுற்றிய விரலால் வழித்தெடுத்து, நாக்கையும் துடையுங்கள். கடிக்கும் பழக்கம் இருந்தால் விரலை விடாமல் பிரஷ்ஷாலேயே எடுங்கள். அவருடைய இன்னொரு கை நன்றாகத்தான் இருக்கிறது. பிரஷ்ஷின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தால் பலர் தாங்களே துலக்குவார்கள். அந்தத் தெம்பை அவரிடமிருந்து பறிக்க வேண்டாம். பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள்.

சாப்பாடு கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். டீயில் நனைத்த பன்னை மென்மையான உணவு என்று நம்பிக் கொடுக்கிறோம். அதில் டீ முன்னால் ஓடும், பன் பின்னால் தங்கும். புரையேற அதுவே போதும். எதை எந்தப் பதத்தில் கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

யாரிடம் காட்டுவது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீடு தேடி வருபவரிடம் கை காலோடு வாயையும் காட்டுங்கள். உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனையோ, சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எங்கே போனாலும் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்றவை சாப்பிடுகிறவர், பல் பிடுங்க வேண்டும் என்பதற்காகத் தானாக அவற்றை நிறுத்தக் கூடாது. மீண்டும் வாதம் அடிக்கும் ஆபத்து உண்டு. சாப்பிடும்போது இருமலும், குரல் கரகரப்பும், காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.