ஆஸ்பத்திரி செலவா? தாலியை அடகு வைக்கும் முன் கேட்க வேண்டியது என்ன?

தொட்டியம்:
தொட்டியம், காட்டுப்புத்தூர் பக்கம் வாழைத்தோப்பில் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், திருச்சிக்கு ஆள் போகும் முன்னே நகை அடகு கடைக்குப் போய்விடும். அட்வான்ஸ் கட்டுங்க என்று சொன்னதும் கையும் ஓடாது, காலும் ஓடாது. எவ்வளவு ஆகும் என்று கேட்கவே பயம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ‘முதல்வர் காப்பீட்டு கார்டு இங்கே செல்லுமா, இந்த வைத்தியத்துக்கு செல்லுமா?’

2009-ல் கலைஞர் காப்பீட்டு திட்டமாக வந்து, 2012 முதல் முதல்வரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டமாக நடக்கிறது. 2018-ல் மத்திய அரசு திட்டத்தோடு சேர்ந்த பிறகு குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம் வரை. 72 ஆயிரமாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-ல் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம் ஆனது.

5 லட்சம் இருக்கே என்று எல்லாவற்றுக்கும் கார்டை நீட்ட முடியாது. காய்ச்சலுக்கு ஊசி போட்டு வருவதற்கெல்லாம் கிடையாது. பட்டியலில் உள்ள ஆபரேஷன், சிகிச்சைக்கு மட்டும்தான். அதுவும் டாக்டர் ரிப்போர்ட்டை அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடன் வாங்கி கட்டிவிட்டு, பில்லைக் காட்டி அப்புறம் வாங்கிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இது கையில் காசு தரும் திட்டம் அல்ல.

எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் வீட்டில் இருந்தே கேட்டுக் கொள்ளலாம். கார்டு இல்லாதவர்கள் வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு திருச்சி கலெக்டர் அலுவலக மையத்துக்குப் போக வேண்டும். வலி வந்த பிறகு அலைவதை விட, வேலை இல்லாத ஒரு நாளில் போய் வருவது நல்லது.

கார்டு செல்லாத இடத்தில் செலவு கணக்கை எழுதித் தரச் சொல்லி கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017-ல் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. லட்சத்தை தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது ரூ.29,600-க்கு இறங்கியது. விலை அவ்வப்போது மாறும். ஆனால் பில்லில் ஸ்டென்ட் விலை தனியாக இருக்க வேண்டும்.

நாமக்கல் ரோட்டில் விபத்தில் அடிபட்டால் கார்டே தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வெளி மாநில லாரி டிரைவராக இருந்தாலும் சரி.