எதிர்முனையில் நிற்பவன்

திருவதிகைக்காரனான நான், நெய்வேலி நகரியத்தில் ஆசிரியப்பணி ஆற்றிய நாட்களில், மாணவர் கிரிக்கெட்டுக்கு நடுவனாகவும் நிற்பதுண்டு. ஒரு மாலை, பந்து வீச ஓடிவந்த பையன் கையைச் சுழற்றாமலே நின்று, என்னருகிலிருந்த விக்கெட்டைத் தட்டினான். எதிர்முனை ஆட்டக்காரன் கோட்டைவிட்டு ஒரு முழம் சென்றிருந்தான். "இது பண்பன்று" எனச் சொல்லி முறையீட்டைத் தள்ளினேன். அன்றைய விதிப்படியும் அவன் ஆட்டமிழந்தவனே. பிழை என்னுடையது.

1947இல் சிட்னியில் வினூ மன்கட், பிரவுனை இவ்வாறு வெளியேற்றினார். அன்று முதல் இச்செயலுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது; திருட்டுக்குக் காவற்காரன் பெயரை வைத்தது போல! 2012இல் பிரிஸ்பேனில் நம் அஸ்வின் இலங்கையின் திரிமன்னேயை வீழ்த்தியபோது, நடுவர்கள் அணித்தலைவர் சேவாக்கைக் கலந்துகொண்டனர். அவரும் முறையீட்டைத் திரும்பப் பெற்றார். தீர்ப்புரைக்க வேண்டியவர் தயவை நாடியது எனக்கு உடன்பாடன்று. 2022 அக்டோபரில் இவ்விதி 'முறையற்ற ஆட்டம்' என்னும் பகுதியை விட்டு 'ரன் அவுட்' பகுதிக்கு மாறியது.

நடுவர் நோக்க வேண்டியது ஒரே கணம்: வீசுபவனின் கை இயல்பாக உச்சியை எட்டும் கணம். அதற்குமுன் தட்டினால் அவுட், பின்னர் இல்லை. முயன்று தவறினால் அது 'டெட் பால்', அவ்வளவே. அமெரிக்கரின் பேஸ்பாலிலோ, எறியத் தொடங்கி நிறுத்தினால் 'பாக்' என்பார் நடுவர். தளங்களில் நிற்போர் ஒரு தளம் முன்னேறுவர். அங்கே ஓடுபவனுக்குக் காப்பு, இங்கே வீசுபவனுக்கு.

மறுநாள் அப்பையனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். "அப்போ நேற்று நாங்கதானே சார் ஜெயிச்சோம்?" என்றான்.