கிருத்திகைக்கு மறுநாள் தரை

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் திருத்தணியில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கூடத்தில் கால் வைத்தாலும் உள்ளங்கால் தரையில் ஒட்டி ஒட்டித்தான் எழும்பும். மலையடிவாரத்து வீடுகள் எல்லாம் கிருத்திகை அன்றைக்குச் சத்திரம். நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சொந்தங்களும், அரக்கோணம் வழியாக ரயிலில் வருகிற சென்னைச் சொந்தங்களும் எங்கள் திண்ணையில் மூட்டையை இறக்கிவிட்டு, சரவணப் பொய்கையில் முழுகி, புஷ்பக் காவடியோடு மலையேறுவார்கள். இறங்கி வந்து சாப்பிடுவதும் படுப்பதும் எங்கள் கூடத்தில்தான். மொட்டைத் தலைச் சந்தனம், தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு, மாவிளக்கு நெய், பஞ்சாமிர்தம், பிள்ளைகள் சப்பிப் போட்ட நீலம் மாங்கொட்டை என்று எல்லாமே கொஞ்சமாவது தரையில் இறங்கும்.

மறுநாள் காலையில் தெருவே பினாயில் மணக்கும். சாயங்காலம் பார்த்தால் தரை முன்னைவிட அதிகமாகப் பிசுபிசுக்கும். உடனே பக்கெட்டில் இன்னும் இரண்டு மூடி ஊற்றித் துடைப்பார்கள். இதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால், துடைத்த பிறகும் ஒட்டுகிற தரையில் பெரும்பாலும் மிச்சம் இருப்பது, துடைக்க ஊற்றிய அந்தத் திரவமேதான்.

சோப்புத்தூள் ஆனாலும் வாசனை போட்ட தரைத் திரவம் ஆனாலும் அதில் இருக்கிற மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிடுவது அதன் வேலை. அந்தத் தண்ணீரைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் பிசுக்கும் கூடவே போய்விடும். எடுக்காமல் ஃபேனைப் போட்டு உலரவிட்டால் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். எண்ணெயும் சோப்பும் மெல்லிய படலமாக அங்கேயே தங்கி, ஆடி மாதக் காற்றின் ஈரத்தை இழுத்து, தெருப் புழுதியையும் பிடித்துக்கொள்ளும். பினாயிலுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது அதன் வேலையே அல்ல.

தண்ணீரும் ஒரு காரணம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம், அதாவது கடினத் தண்ணீர். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்கிற கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். இப்படிப்பட்ட தண்ணீரில் துணி சோப்பைக் கரைத்தால் கரையாத வெள்ளைப் பிசுக்காகத் திரியும். நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடுவார்கள். அந்த ‘இன்னும் கொஞ்சம்’தான் தரையில் உட்கார்ந்துகொள்கிறது.

இதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் என் மாமியார். காய்ந்திருக்கும்போது ஒட்டுகிற படலம், அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் சிந்தினால் வழுக்கும். கீழே விழுந்து உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் அதிகம் வயதானவர்கள். அத்தைக்கு முழங்கால் வலி, கையில் தடி. தவழ்கிற பேரன் வேறு தரையைத் தொட்ட கையை அப்படியே வாயில் வைக்கிறான். தரை பளபளக்கிறதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

பக்கெட்டை எடுப்பதற்கு முன்னால், ஒட்டுவது எது என்று பார்த்துவிட வேண்டும். எறும்பு சாரை வைத்தால் அது சர்க்கரைப் பிசுக்கு. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது பரவாமல் முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய். ஈரவிரலால் தேய்க்கும்போது லேசாக நுரை கட்டினால் பழைய சோப்பு. கிருத்திகைக்கு மறுநாள் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

சர்க்கரைக்கு சோப்பே வேண்டாம். வெல்லப்பாகும் தேனும் வெந்நீரில் தானாகக் கரையும். கை பொறுக்கும் சூட்டில் துணியை நனைத்து அந்த இடத்தில் பத்து நிமிஷம் போட்டுவைத்து எடுத்தால் போதும், சுரண்ட வேண்டாம். நெய், எண்ணெய் என்றால் தண்ணீர் படுவதற்கு முன்னாலேயே அரிசிமாவையோ கோலமாவையோ தூவி, அது உறிஞ்சியதும் கூட்டி எடுக்க வேண்டும். மாவிளக்கில் வெல்லமும் நெய்யும் சேர்ந்தே இருப்பதால் முதலில் மாவு, அப்புறம் வெந்நீர்.

பூஜை அறை விளக்கடியில் படிவது வேறு வகை. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாள்பட்டுக் காற்றுப் பட்டால் பிசின் மாதிரி இறுகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகாது. டைல்ஸில் இறுகிய பிசுக்குக்கு அரை பக்கெட் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா நல்ல மருந்து. கையுறை போட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷம் ஊறவிட்டுத் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு தடவை துடைத்துவிட வேண்டும். சோடாவும் தங்கினால் வெள்ளை பூக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று தரை. 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த காலத்தை ஒட்டி மாமனார் கட்டிய கூடம் சிவப்புக் காவித் தரை. பின்கட்டில் ஆந்திரப் பக்கமிருந்து வந்த கடப்பா கல். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனபோது சேர்த்த அறையில் விட்ரிஃபைட் டைல்ஸ். டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சிந்தியது எல்லாம் மேலேயே நிற்கும். அதனால்தான் அங்கே அதிகமாக ஒட்டுகிறது, சீக்கிரமாகவும் சுத்தமாகிறது. காவித் தரை சிமென்டும் இரும்புக் காவியும் கலந்து இழைத்தது. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் அதில் நெய் சிந்திய உடனே எடுத்துவிடுகிறேன். மெருகுக்கென்று தேங்காய் எண்ணெய் தேய்க்கிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. துணியில் நாலைந்து சொட்டு விட்டுத் தேய்த்து, காய்ந்த துணியால் மறுபடி அழுத்தித் துடைத்தால் அழகு. அதற்கு மேல் போனால் அதுவே பிசுக்கு.

கடப்பா கல்லைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அது சுண்ணாம்புக்கல் வகை. அமிலம் பட்டால் அரிக்கும், மெருகு போய் வெளுத்துவிடும். எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதுவும் அதில் படக்கூடாது. பண்டிகைக்கு முதல் நாள் குத்துவிளக்கையும் செம்பையும் கடப்பா கல்லில் வைத்துப் புளி போட்டுத் தேய்க்கிறார்களே, அந்தப் புளித்தண்ணீரும் அமிலம்தான். பித்தளையைப் பளிச்சென்று ஆக்குகிற அதே குணம் கல்லின் மேல்தோலைத் தின்றுவிடுகிறது. அகலமான தட்டில் வைத்துத் தேய்த்து, தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள். மார்பிள், மொசைக், காவித் தரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய குளியலறையில் மூச்சுக்குழலை எரித்துவிடும். ‘ரெண்டும் சேர்ந்தா நல்லா போகும்’ என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

துடைக்கிற முறைக்கு எனக்கு வாத்தியார் அத்தைதான். நகரிப் பெண், தெலுங்கில் யோசித்துத் தமிழில் அதட்டுவார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “ஏம்மா, தண்ணி கலங்கிப்போச்சு பாரு, மாத்து முதல்ல” என்பார். “இப்பத்தானே அத்தை மாத்தினேன்” என்றால், “உன் காலைக் கேளு, சொல்லும்” என்பார். எந்த டப்பாவின் லேபிளிலும் இவ்வளவு சரியான யோசனை இல்லை. கலங்கிய தண்ணீரில் துடைப்பது ஓர் அறையின் பிசுக்கை அடுத்த அறைக்குச் சமமாகப் பூசுவதுதான்.

ஆகவே முதலில் நன்றாகக் கூட்டிவிட வேண்டும். புழுதியோடு நனைத்தால் சேறு. அப்புறம் இரண்டு பக்கெட். ஒன்றில் தரைத் திரவம், டப்பாவில் போட்ட அளவு மட்டும். கடினத் தண்ணீராக இருந்தாலும் கூட்ட வேண்டாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதற்கு இணை இல்லை. இன்னொன்றில் வெறும் தண்ணீர், துணியை அலசுவதற்கு. அறைக்கு அறை அலசுகிற தண்ணீரை மாற்றி, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, கடைசியில் ஒரு தடவை வெறும் தண்ணீர்த் துணி. பல மாதச் சோப்பு ஏறிய தரை என்றால், தொடர்ந்து சில நாள் வெந்நீர் மட்டும் போட்டுத் துடைத்தாலே படலம் கழன்று வரும். பக்கெட்டில் நுரை வருவது நின்றதும் சோப்பு தீர்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

துணியையும் கவனியுங்கள். குளியலறை மூலையில் ஈரமாகக் கிடக்கிற மாப்பில் பழைய எண்ணெயும் நாற்றமும் சேர்ந்திருக்கும். அதைக்கொண்டு எந்தத் தரையும் சுத்தமாகாது. வாரம் ஒரு முறை வெந்நீரிலும் சலவை சோடாவிலும் ஊறவைத்து அலசி, மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். திருத்தணியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மாப்பின் நூல் விறைத்துப் போனால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.