விற்காத டீக்கும் கட்டணமா?

சிறுசேரி ஐ.டி. பூங்காவில் வேலை முடிந்து, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் வந்து ரயில் பிடிக்கிறவர் பிளாட்பாரத்தில் ஒரு டீ குடிக்கிறார். அந்த டீக்கு விலை வைப்பது ரயில்வே. கடைக்காரர் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தை முடிவு செய்வதும் ரயில்வேதான். நாடெங்கும் பிளாட்பாரக் கடைகள் கோர்ட்டுக்குப் போவதன் வேர் இங்கே இருக்கிறது.

கணக்கு எப்படி?

2010ஆம் ஆண்டின் கேட்டரிங் கொள்கை, ஆண்டு விற்பனையில் 12 சதவீதத்தைக் கட்டணத்துக்கு அடிப்படையாக வைத்தது. அந்த விற்பனை அதிகாரிகளின் மதிப்பீடு. உதாரணத்துக்கு, ஒரு ஸ்டாலில் 20 லட்சம் ரூபாய்க்கு விற்கும் என்று கணித்தால் கட்டணம் 2.40 லட்சம். உண்மையில் 12 லட்சத்துக்கே விற்றால், அதே தொகை விற்பனையில் 20 சதவீதத்தை விழுங்கிவிடும். ரயில்கள் வேறு பிளாட்பாரத்துக்கு மாறி, கூட்டம் குறைந்தாலும் மதிப்பீடு தானாக இறங்காது. டீ விலையைக் கூட்டி ஈடுகட்டவும் வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

உரிமம் பெற்றவருக்கு அந்த இடத்தில் வியாபாரம் செய்ய அனுமதி உண்டு. குத்தகைதாரரைப் போல இடத்தின் மீது பாத்தியதை கிடையாது. சாலையோர வியாபாரிகளுக்கான 2014 சட்டமும் ரயில்வே இடங்களுக்குப் பொருந்தாது. உரிமம் இல்லாமல் விற்றால் ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு பாயும்.

கடைக்காரர் பற்றிக்கொள்ள மிஞ்சுவது, தன்னிச்சையான அரசு முடிவுகளைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவு. அரசு தான் வகுத்த விதியைத் தானே மீறக் கூடாது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் ஒரு சாப்பாட்டுக் கடை வழக்கில்தான்: பம்பாய் விமான நிலைய உணவகத்துக்கான டெண்டர் அது. 2016இல் தென் மத்திய ரயில்வேக்கு எதிராக ஸ்டால்காரர் சங்கம் நடத்திய வழக்கில், ஒரே ஒரு கடையை நம்பிப் பிழைப்பவர்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும்படி அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் கட்டணத் தொகை சரியா என்று கணக்குப் பார்க்க நீதிமன்றங்கள் பொதுவாக இறங்குவதில்லை. அதை முடிவு செய்த முறை நியாயமா என்றே பார்க்கின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு வாதம் இன்னும் பலவீனமாகும். ஆகவே மதிப்பீட்டின் ஆதாரத்தை முன்கூட்டியே, தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், கேட்டு வாங்குவது நல்லது. ஸ்டால்களில் பில் மெஷினைக் கட்டாயமாக்கிய ரயில்வேக்கும் ஒரு கேள்வி: பில்லில் உண்மை விற்பனை பதிவாகும்போது, கட்டணத்துக்கு மட்டும் ஏன் இன்னும் மதிப்பீடு?